ஒரே ஒரு ஃபைட்டர் மீனுக்குச் சின்னத் தொட்டி: எதை முதலில் வாங்குவது?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். மேசை மேல் வைக்கிற அளவில் ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன், இவ்வளவுதான் என் திட்டம். என் மகனுக்கு ஒன்பது வயது, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வீட்டில் பந்து வடிவக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று சும்மா கிடக்கிறது, மூன்று லிட்டர் பிடிக்கும்.

பல வருடங்களுக்கு முன் அதே கிண்ணத்தில் ஒரு நீல ஃபைட்டர் வைத்திருந்தேன். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுசாகக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவேன், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டரை மாதம் இருந்தது. கடைசி இரண்டு வாரம் வால் ஓரங்கள் கருகின மாதிரி ஆகி, சாப்பிடாமல், அடியிலேயே சாய்ந்து கிடந்து செத்துப்போனது. அதை இன்றும் மறக்க முடியவில்லை, அதனால் இந்தத் தடவை மீனை வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

கிண்ணம் போதாது என்றால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? ஃபைட்டர்தான் மேலே வந்து காற்றைக் குடிக்கிறதே, அதற்கு ஃபில்டர் எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள், சரியா? ஹீட்டர் கட்டாயமா? பையன் உள்ளே பாலம், கோட்டை எல்லாம் கேட்கிறான். கூட இன்னும் ரெண்டு மீன் விடலாமா என்றும் கேட்கிறான். எந்தச் சாமானை முதலில் வாங்குவது என்று வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

முதலில் உங்கள் பழைய மீனைப் பற்றி. அது போனதற்குக் காரணம் நீங்கள் சோம்பேறித்தனமாக இருந்தது அல்ல. நாலு நாளும் அந்த மூன்று லிட்டரில் மீனின் கழிவு அம்மோனியாவாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கும், ஐந்தாம் நாள் திடீரென்று வேறு வெப்பத்தில், குளோரினோடு முழுசாகப் புதுத் தண்ணீர். அதோடு கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவும்போது அங்கே ஒட்டத் தொடங்கியிருந்த நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வால் ஓரம் கருகுவது பெரும்பாலும் துடுப்பழுகல், மோசமான தண்ணீரில் அதுதான் முதலில் வரும்.

அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும். ஆனால் வீடாக அது வேண்டாம்.

அளவு: 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டரிலும் வளர்ப்பவர்கள் உண்டு, ஆனால் தண்ணீர் குறையக் குறைய ஒரு நாள் கவனக்குறைவுக்கே மீன் விலை கொடுக்கும், முதல் தடவை வளர்ப்பவருக்குச் சின்னத் தொட்டிதான் கஷ்டம். உயரமான தொட்டியைவிட நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரம் உள்ள தொட்டியில் 21 செ.மீ. வரை நிரப்பினால் 21 லிட்டர். மேலே மீதி நாலு செ.மீ. காற்று இருக்கட்டும், அது வீணான இடம் அல்ல. ஃபைட்டருக்கு செவுளோடு சேர்த்துத் தலைக்குள் லாபிரிந்த் என்று ஒரு மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது, அதனால்தான் மேலே வந்து வாய் நிறையக் காற்று எடுத்துப் போகிறது. மூச்சுக்கு மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகக்கூடிய மீன் இது. நீண்ட துடுப்பைச் சுமந்துகொண்டு 50 செ.மீ. ஏறி இறங்குவது அதற்குப் பெரிய வேலை, ஆழம் குறைவாக இருந்தால் நிம்மதியாக இருக்கும்.

"தாய்லாந்தில் வயல் குட்டையில் வாழும் மீன்தானே, கிண்ணம் போதும்" என்று யாராவது சொல்வார்கள். நெல்வயல் தண்ணீர் ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு எவ்வளவு பெரியது, செடி எவ்வளவு அடர்த்தி, நிலமும் பாக்டீரியாவும் எவ்வளவு கழிவைத் தின்றுவிடுகின்றன. அதை மூன்று லிட்டர் கண்ணாடியோடு ஒப்பிட முடியாது.

ஃபில்டர் கேள்விக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். காற்றைக் குடிப்பதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும், உண்மை. அம்மோனியாவைத் தாங்காது. ஃபில்டர் என்றால் குப்பையை உறிஞ்சுகிற இயந்திரம் என்று நினைக்காதீர்கள், அது பாக்டீரியா குடியிருக்கும் வீடு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் பொறுத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தக் கூட்டம் உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி சைக்கிள் ஆவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அதனால் நீங்கள் கேட்ட வரிசை இப்படி இருக்கட்டும்: தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், அதை ஓட்டும் ஏர் பம்ப், குளோரின் நீக்கி, தெர்மாமீட்டர், அம்மோனியா நைட்ரைட் நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டுச் சோதனைக் கிட். மீன் எல்லாவற்றுக்கும் கடைசியில். பையனுக்கு ஆறு வாரம் நீண்ட காலம்தான், ஆனால் சோதனையை அவன் கையில் கொடுங்கள். என் பெண்ணுக்கு எட்டு வயதில் அதுதான் பிடித்த வேலை. சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும், இருந்தால் பச்சை ஏறும். தினமும் நோட்டில் எழுதுவாள், எந்த நாள் பச்சை குறைகிறது என்று காத்துக்கொண்டிருப்பாள்.

எப்படித் தொடங்குவது: தொட்டியைச் சமமான, உறுதியான மேசையில் வையுங்கள், வெயில் நேராகப் படாத இடம். நிரம்பினால் மணலும் கண்ணாடியும் சேர்ந்து 25 கிலோவுக்கு மேல் வரும், அப்புறம் நகர்த்த முடியாது. மணலைக் கலங்கல் போகும் வரை கழுவி இரண்டு மூன்று செ.மீ. பரப்புங்கள். சோப்பு எதிலும் படக்கூடாது. குளோரின் நீக்கி கலந்த தண்ணீர் ஊற்றி ஃபில்டரை ஓட்டி, மீன் தொட்டிக்கென்று விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும் அளவுக்கு விடுங்கள். அது கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விடலாம், மெதுவாக நடக்கும். சில நாளில் நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும். 2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்யம் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். அன்று முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனைக் கொண்டுவாருங்கள்.

தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. குழாய்த் தண்ணீரில் குளோரமின் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது, நீக்கி ஊற்றியே ஆக வேண்டும்.

வேறொரு தொட்டியில் பல மாதம் ஓடிய ஸ்பான்ஜ் யாரிடமாவது கிடைத்தால் அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் வையுங்கள், ஆறு வாரம் ஒன்றிரண்டு வாரமாகக் குறையலாம். நோய் இல்லாத தொட்டியா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூட வேறு மீன்: 20 லிட்டரில் வேண்டாம். இன்னொரு ஆண் ஃபைட்டர் என்றால் சண்டையில் ஒன்று சாகும், பெண்ணையும் நிரந்தரமாகச் சேர்த்து வைக்க முடியாது. நெரைட் நத்தை ஒன்று விடலாம், கண்ணாடியில் பாசியைத் தின்றுகொண்டிருக்கும், பையனுக்கும் பார்க்க இன்னொரு உயிர் ஆயிற்று.

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு விஷயம் மட்டும் சேர்க்க வேண்டும். ஃபில்டர் இல்லாமலும் முடியும், நான் மூன்று வருடமாக 25 லிட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் "ஃபில்டர் தேவையில்லை" என்று யாராவது சொன்னால், அந்தத் தொட்டியில் எவ்வளவு செடி இருக்கிறது என்று கேளுங்கள். என் தொட்டியில் பாதிக்கு மேல் செடிதான். வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும், மணலிலும் இலைகளிலும் பாக்டீரியா இருக்கும். செடி நன்றாகப் பிடித்து வளர இரண்டு மாதம் விட்டு, அதற்குப் பிறகுதான் மீன் விட்டேன். செடி வளர்த்துப் பழக்கம் இல்லாதவர் முதல் தொட்டியிலேயே இதைச் செய்ய வேண்டாம். ஸ்பான்ஜ் ஃபில்டரும் வையுங்கள், செடியும் வையுங்கள்.

எந்தச் செடி என்றால் ஹார்ன்வோர்ட் போடுங்கள், நட வேண்டியதே இல்லை, மிதந்துகொண்டே வளரும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் குறைந்த வெளிச்சத்தில் வரும், ஆனால் அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். தண்ணீர் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே அகலமான அனுபியாஸ் இலை ஒன்று வரும்படி வைத்தால் மீன் அதன் மேல் படுத்துத் தூங்கும். பார்த்தால் உடம்பு சரியில்லையோ என்று தோன்றும், ஒன்றும் இல்லை, அதற்கு மூச்சு எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுப்பது பிடிக்கும்.

அப்புறம் நாட்டு வாதுமை இலை. மரத்திலிருந்து தானாக விழுந்து காய்ந்த பழுப்பு இலை, பச்சை இலை கூடாது, மருந்து தெளித்த மரமாகவோ புகை படும் சாலையோர மரமாகவோ இருக்கக்கூடாது. கழுவி ஒன்று போட்டால் இரண்டு நாளில் தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வரும். வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும். இதை மருந்து என்று நம்பி மோசமான தண்ணீரைச் சரிசெய்யப் போடாதீர்கள். இலை கந்தலானதும் எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

பாலம், கோட்டை பற்றி: வாங்கும் முன் ஒரு மெல்லிய நைலான் துணியை அதன் மேலும் ஓட்டைகளுக்குள்ளும் இழுத்துப் பாருங்கள். துணியில் நூல் பிரிந்தால் துடுப்பும் கிழியும். பிளாஸ்டிக் செடிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. கோட்டையின் சின்ன ஜன்னலில் மீன் தலையை விட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு, ஓட்டை உடம்பைவிட நல்ல பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துவிட வேண்டும்.

நீரோட்டம் கம்மியாக இருக்கட்டும். ஏர் பம்ப்புக்கு ஒரு சின்ன கட்டுப்பாட்டு வால்வு போட்டு, குமிழி மெதுவாக வருகிற அளவுக்குத் திருகி வையுங்கள். மீன் எப்போதும் ஒரே மூலையில் ஒடுங்கி நின்றால், அல்லது நீந்தும்போது பின்னால் தள்ளப்பட்டால் காற்று அதிகம் என்று அர்த்தம். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள், மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி பம்ப்புக்குள் வந்துவிடும்.

பதில் 3

மூடி. மேலே யாரும் அதை அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு சிவப்பு பிளாகாட் இருந்தது, குட்டைத் துடுப்பு வகை, ரொம்பத் துறுதுறுப்பு. கண்ணாடி மூடிதான் போட்டிருந்தேன், ஃபில்டர் குழாய் வருவதற்காக ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டு இருந்தது. ஒரு நாள் காலையில் தொட்டியில் மீன் இல்லை. செடிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன், கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், கடைசியில் மேசைக்குப் பின்னால் தரையில், சுவரோரம், காய்ந்துபோய்க் கிடந்தது. அந்த வெட்டு வழியாகத்தான் துள்ளியிருக்கிறது. ஒன்றரை வருடம் என் குரல் கேட்டாலே முன்னால் வந்து நிற்கும். இப்போது எந்தத் தொட்டியாக இருந்தாலும் குழாய் வரும் இடத்தில் ஒரு துண்டு ஸ்பான்ஜை வெட்டிச் செருகிவிடுகிறேன். காற்று போகும், மீன் போகாது.

மூடியால் இன்னொரு பயன், தண்ணீருக்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். மீன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

ஹீட்டர் கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். தொட்டி சைக்கிள் ஆகும் அந்த வாரங்களில் தெர்மாமீட்டரை உள்ளே போட்டு விடியற்காலையிலும் பிற்பகலிலும் எழுதி வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை, ஒரே நாளில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஆடவும் இல்லை என்றால் வேண்டாம். இறங்கினால் 25 வாட் ஹீட்டர், தெர்மோஸ்டாட் உள்ளது, 26இல் வையுங்கள். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை நிறுத்திக் கால் மணி நேரம் ஆற விட வேண்டும், சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். மின்கம்பிகள் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள், கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழந்தை இருக்கிற வீடு, இதை அவசியம் செய்யுங்கள்.

மீன் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன் நீச்சலைப் பாருங்கள். உடம்பு நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாயக்கூடாது. விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்க வேண்டும். துடுப்பைச் சுருக்கி வைத்துக்கொண்டு அடியில் கிடப்பது, வயிறு ஒட்டியிருப்பது, செதில் தூக்கி நிற்பது, கண் மங்கலாக இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஹாஃப்மூன் வால் பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல் தன் வாலைத் தானே கடிக்கும் மீன்கள் அதில்தான் அதிகம். டிராகன் வகையில் தடித்த செதில் வயதாக ஆகக் கண்ணையும் மூடிவிடும். முதல் மீனுக்கு பிளாகாட் அல்லது வெயில்டெயில் (வால் நீண்டு தொங்கும் வகை) என்று நான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே 40 செ.மீ. தொட்டி வாங்கி எல்லாம் வைத்தாயிற்று, பையன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். இன்று ஒன்பதாவது நாள். அம்மோனியா 1, நைட்ரைட் 2, நைட்ரேட் 5 காட்டுகிறது. தண்ணீர் காலையில் 23, பிற்பகலில் 27, அதனால் ஹீட்டரும் வாங்கிவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், நேற்று என் தம்பி ஊரிலிருந்து வந்தான், மருமகனுக்குப் பரிசு என்று ஒரு ஃபைட்டரைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்துவிட்டான். கருநீலம், துடுப்பு ஓரத்தில் சிவப்பு. அவன் ஆசையாகக் கொண்டுவந்ததை நான் என்ன சொல்ல முடியும், பையன் வேறு டப்பாவை விட்டு நகரவே இல்லை. மீன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டி தயாராகவில்லையே. டப்பாவில் அரை லிட்டர்கூட இல்லை. இப்போது என்ன செய்வது? தொட்டியில் விட்டால் செத்துவிடுமா?

பதில் 1

பயப்பட வேண்டாம், சமாளிக்கலாம். இப்போது இருக்கிற தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன் அல்லவா, அது இன்றைக்குத்தான். குளோரின் நீக்கிய தண்ணீரை, டப்பாத் தண்ணீரின் வெப்பத்துக்குச் சமமாக, கிண்ணத்தில் ஊற்றுங்கள். டப்பாவுக்குள் அந்தப் புதுத் தண்ணீரைக் கால் டம்ளர் கால் டம்ளராக அரை மணி நேரம் சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் எடுத்துக் கிண்ணத்தில் விடுங்கள். மேலே வலைத்துணியோ தட்டோ வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடுங்கள். இன்று உணவு வேண்டாம்.

அடுத்து தொட்டி. ஹீட்டர் போட்டாயிற்று என்றால் அதை நிறுத்தி ஆற விட்டு, தொட்டித் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட்டு நீக்கி கலந்த தண்ணீர் ஊற்றுங்கள், மறுபடியும் ஒருமுறை அதே போல. ஒன்பது நாள் வளர்த்த பாக்டீரியா போய்விடுமோ என்று கவலை வேண்டாம், அது தண்ணீரில் மிதப்பது குறைவு, ஸ்பான்ஜிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பான்ஜைக் கழுவாமல், காய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்து, வெப்பம் 26இல் நின்றதும் நாளைக்கே மீனைத் தொட்டிக்கு மாற்றலாம். விளக்கை அணைத்து வையுங்கள்.

இனிமேல் அம்மோனியா கரைசல் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, மீனின் கழிவே பாக்டீரியாவுக்குப் போதும். தினமும் சோதனை. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25ஐத் தாண்டினால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றம், தினமும் மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரின் வெப்பத்தைக் கையால் பார்க்காமல் தெர்மாமீட்டரில் பாருங்கள். நைட்ரைட் அடிக்கடி ஏறினால், வேறெதுவும் கலக்காத உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். நத்தை விட்டிருந்தால் உப்பு வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்த்து உப்புச் சேருங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

உணவு: காலையில் மீன் உணவு மணிகள் இரண்டே இரண்டு, அவ்வளவுதான், இந்த மூன்று நாலு வாரத்துக்கு. பையனிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம், மீன் எப்போது போனாலும் பசிக்கிற மாதிரி முன்னால் வந்து ஆடும். உணவு பூச்சி, புழு சார்ந்ததாக இருக்க வேண்டும், பொட்டலத்தில் முதலில் எழுதியிருப்பது மீனோ இறாலோ பூச்சிப் புழுவோ என்று பாருங்கள், மாவு முதலில் இருந்தால் வேண்டாம். தின்னாமல் விழுந்த மணியை உடனே எடுத்துவிடுங்கள். தொட்டி சரியானதும் காலையும் மாலையும் இரண்டிரண்டு மணிகள் கொடுக்கலாம், வாரத்தில் ஒரு நாள் பட்டினி விட்டால் நல்லது.

உங்கள் தம்பியைத் திட்டாதீர்கள். மீன் நல்லபடியாக இருக்கும்.

பதில் 2

ஹார்ன்வோர்ட் இன்னும் ரெண்டு கைப்பிடி வாங்கிப் போடுங்கள், இந்த நிலைமையில் அது பெரிய உதவி. வாங்கி வந்ததும் ஒரு வாளியில் நன்றாக அலசிவிடுங்கள், கடைத் தொட்டியிலிருந்து நத்தைக் குஞ்சு ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி கேட்டவர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், யாராவது இதே நிலைமையில் மாட்டினால் பயன்படட்டும்.

முதல் பத்து நாள் ஏறக்குறைய தினமும் தண்ணீர் மாற்றினேன். ஒரு நாள் விட்டுவிடலாம் என்று நினைத்தபோது சோதனையில் நைட்ரைட் 0.5 வந்தது, அன்று இரவே மாற்றினோம். உப்பு போட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் முதல் அம்மோனியா ஏறவே இல்லை, ஐந்தாவது வாரம் நைட்ரைட்டும் நின்றது. இப்போது வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம், எடுத்த தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு தடவை பிழிந்து திரும்ப வைக்கிறோம், நைட்ரேட் 10ஐ ஒட்டி நிற்கிறது. விளக்கு ஏழு மணி நேரம்.

கோட்டை நைலான் துணிச் சோதனையில் தேறவில்லை. பையன் தானே இழுத்துப் பார்த்து, கிழிந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு "வேண்டாம்மா" என்றான். பதிலாக ஒரு சின்ன மண்சட்டியைப் படுக்க வைத்திருக்கிறோம், உள்ளே போய் ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். மூடியின் மூலையில் ஸ்பான்ஜ் செருகியாயிற்று.

மூன்று நாளாக இடது மூலையில், வாதுமை இலைக்கு அடியில், தண்ணீர் மேல் குட்டிக் குட்டிக் குமிழியாக நுரை சேர்ந்திருக்கிறது. மேலே போய்க் காற்றை வாயில் எடுத்து, ஒவ்வொன்றாகத் துப்பி ஒட்டுகிறது. இது முட்டைக்காக ஆண் மீன் கட்டும் நுரைக்கூடுதானே, பெண் மீன் இல்லாமலே கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்ற வேண்டும், நுரையைக் கலைத்தால் வருத்தப்படுமா என்று பையன் கேட்கச் சொன்னான்.

பதில் 3

கட்டும். வளர்ந்த ஆண் மீன் தனியாக இருந்தாலும் கூடு கட்டும். சில ஆரோக்கியமான மீன்கள் கட்டவே கட்டாது, அதனால் கூடு இல்லாத நாளில் பயப்படவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வலது பக்கமாகக் குழாயை விட்டு மெதுவாக எடுங்கள், தண்ணீரை ஒரு சின்னத் தட்டின் மேல் விழும்படி ஊற்றுங்கள். அப்படியும் கலைந்தால் பரவாயில்லை, சாயங்காலமே மறுபடி தொடங்கிவிடும் என்று பையனிடம் சொல்லுங்கள்.